கெமிஸ்ட்ரிக்கு ஒரு சாட்சி

“ஃபிசிக்ஸ் படிக்கிற பிள்ளைக்குக் கெமிஸ்ட்ரி எதுக்குங்க? வீண் சுமை.” ஃபிசிக்ஸ் வாத்தியார் மேசையில் தட்டிய தட்டில் பிரின்சிபாலின் டீ தளும்பியது.

எதிரே கெமிஸ்ட்ரி வாத்தியார் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு வகுப்பையும் நீக்கிவிட்டால் கல்லூரியில் அவருக்கு வேறு வேலை கிடையாது. வருஷக்கணக்காகக் கரும்பலகையைப் பார்த்தே பாடம் சொன்ன மனிதர். மாணவர்களுக்கு அவர் முதுகு மனப்பாடம். அவருக்கு ஒரு முகமும் தெரியாது.

“பிள்ளைங்களையே கேட்டுடுவோம்” என்றார் பிரின்சிபால். தங்களுக்கு முடிவெடுக்கத் தெரியாதபோது பெரியவர்களுக்குச் சின்னவர்கள் மேல் திடீரென்று மரியாதை வந்துவிடும்.

ஃபிசிக்ஸில் முதல் மார்க் வாங்குகிற பெண்ணைக் கடைசி பெஞ்சிலிருந்து எழுப்பி அழைத்து வந்தார்கள். துணைக்கு அவள் தோழியும் வந்தாள். கல்லூரி விட்டதும் அந்த முதல் மார்க் பெண்ணுக்குத் துணிக்கடையில் நின்றுகொண்டே வேலை, கடை மூடிய பிறகுதான் வீடு. இவள் எப்போது படிக்கிறாள் என்பது ஃபிசிக்ஸ் வாத்தியாருக்கே பிடிபடாத கணக்கு.

“பயப்படாம சொல்லும்மா. கெமிஸ்ட்ரிய தூக்கிடலாமா?” என்றார் பிரின்சிபால்.

“வேண்டாம் சார்.” அவள் அவசரமாகச் சொன்னாள். “அந்த பீரியட் மட்டும் இல்லன்னா நான் ஃபிசிக்ஸ்ல பாஸே ஆயிருக்க மாட்டேன்.”

ஃபிசிக்ஸ் வாத்தியாரின் முகம் தொங்கிப்போனது. கெமிஸ்ட்ரியில் அவள் மார்க் என்ன என்று கேட்க, அங்கே கூடியிருந்த இத்தனை பட்டங்களில் ஒன்றுக்கும் தோன்றவில்லை.

“முதல் மார்க் பொண்ணே சொல்லிடுச்சு. அப்புறம் என்ன, கெமிஸ்ட்ரி இருக்கட்டும்.” பிரின்சிபால் ஆறிய டீயை எடுத்துக் குடித்தார்.

வராந்தாவில் கெமிஸ்ட்ரி வாத்தியார் அவள் பின்னாலேயே ஓடி வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அவளை முதன்முதலாகப் பார்த்தார்.

“என் பொழப்பக் காப்பாத்திட்டேம்மா. இப்படி ஒரு பிள்ளை இருக்கறது தெரியாம இத்தனை நாளா சுவரோட பேசிட்டிருந்திருக்கேன் பாரு. நாளையிலேருந்து நீ முதல் பெஞ்ச். உன் முகத்தைப் பார்த்துத்தான் பாடமே.”

அவர் திரும்பிப் போகும்வரை பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவள், தோழியின் தோளில் சாய்ந்தாள்.

“போச்சுடி. இனி ஃபிசிக்ஸ எப்ப படிக்கிறது?”