கடைசிக் கேள்வி

“இது எத்தனையாவது மாசம்?”

“நாலு, டாக்டர். சோத்தைப் பார்த்தாலே குமட்டுது.”

“வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வரலையா?”

“அதை ஏன் கேக்கறீங்க. அந்த மனுஷனுக்குப் பொறுப்பே கிடையாது.”

ஒரு மாதத்துக்கு முன் நடந்த இந்தப் பேச்சை நினைத்தால் இப்போதும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். தலையைக் குனிந்துகொண்டு வெட்கமாகப் பதில் சொன்ன அந்தக் கர்ப்பிணிக்கு நரைத்த மீசை இருந்தது. அவளுடைய அப்பா.

மருத்துவப் படிப்பை முடித்துவிட்டு உள்ளூர் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டில் ஒரு மருத்துவமனை வேலை தரத் தயாராக இருந்தது. ஒரே ஒரு தேர்வுதான் பாக்கி. அதில் நடிகர்கள் நோயாளிகளாக வந்து உட்காருவார்கள். மணி அடிப்பதற்குள் அவர்கள் நோயோடு மனசையும் கேட்டறிந்து அனுப்ப வேண்டும்.

புத்தகத்தைப் புரட்டினால் வருகிற வித்தை இல்லை அது. அதனால் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அப்பா, தினமும் சாயங்காலம் ஒரு புது நோயோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

தேர்வாளர், போன வருஷம் கீழ் வீட்டுக்குத் தனியாகக் குடிவந்த டீச்சர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் மார்க் போடுகிற கை ஓயவில்லை. டம்ளரில் ஸ்பூனால் ‘டங்’கென்று ஒரு தட்டு தட்டினார் என்றால் நேரம் முடிந்தது.

“இங்கிலீஷெல்லாம் அப்புறம். முதல்ல தமிழ்ல அன்பா கேளு. தமிழ்ல வராதது இங்கிலீஷ்ல மட்டும் எங்க இருந்து வரும்?” என்பார். அப்பாவையும் விட மாட்டார். “குடல்வால் வலி வலது பக்கம் சார். நீங்க இடது பக்கத்தைப் பிடிச்சிட்டுத் துடிச்சா எப்படி?”

“இடது பக்கமாவே போய்ப் பழகின உடம்பு, டீச்சர்.”

கல்லீரல் கெட்டுப்போன குடிகாரராக ஒரு நாள் அப்பாவை உட்கார வைத்தார்கள். “தினம் எவ்வளவு குடிப்பீங்க?” என்று அவள் கேட்டதும், “சத்தியமா கையால தொட்டதில்ல, டாக்டர்” என்றார்.

“அப்பா, நீங்க குடிகாரர்ப்பா.”

“மெதுவா பேசும்மா. ஜன்னல் திறந்திருக்கு. நாலு பேர் என்ன நினைப்பாங்க?”

போன வாரம் திடீரென்று அப்பாவின் மீசை கறுத்துவிட்டது. என்ன இது என்று கேட்டதற்கு, “இன்னிக்கு எனக்கு முப்பது வயசுன்னு நீதானே சொன்னே? நடிக்கறதுன்னா முழுசா நடிக்கணும்” என்றார். மறுநாள் அவருக்கு எழுபது வயது நோயாளி வேஷம். மீசை அப்படியேதான் இருந்தது. அதற்கு மார்க் குறைக்க டீச்சர் எப்படியோ மறந்துபோனார்.

ஆனால் மகளுக்கு மட்டும் தினமும் ஒரே இடத்தில் மார்க் போனது.

“கடைசிக் கேள்வியை இன்னிக்கும் விட்டுட்டே. ‘வேற ஏதாவது சொல்லணுமா?’ன்னு கேக்காம நோயாளியை எழுப்பி அனுப்பாதே. மனசுல இருக்கறது அங்கதான் வெளியே வரும்.”

அவள் மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டாள். கொஞ்ச நாளாகவே அப்பா, “அம்மாடி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்” என்று ஆரம்பிப்பார். இவள் நிமிர்ந்து பார்த்ததும் சடன் பிரேக் போட்டு, “ஒண்ணுமில்ல, நீ படி” என்று நழுவிவிடுவார்.

அம்மா போன பிறகு அவருக்கு இவள், இவளுக்கு அவர் என்றே காலம் ஓடிவிட்டது. பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பேப்பரில் மூழ்குகிற மனிதர். அவர் என்ன கேட்கப்போகிறார் என்று அவளுக்குத் தெரியாதா? போகாதே என்பார். அவர் வாயால் அதைக் கேட்டுவிட்டால் அப்புறம் அவளுக்குக் கால் நகராது.

மறுநாள் தேர்வு. கடைசி ஒத்திகை.

“நெஞ்சுல ஒரு பாரம், டாக்டர்.”

“எவ்வளவு நாளா இருக்கு?”

“ஒரு வருஷம் இருக்கும்.”

அவளுக்குச் சுருக்கென்றது. வெளிநாட்டு வேலைக்கு அவள் விண்ணப்பம் போட்டதும் போன வருஷம்தான்.

“எப்ப அதிகமாகுது?”

“சாயங்காலம் ஆனா போதும்.”

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புவது சாயங்காலத்தில்தான். ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து அவர் நெஞ்சில் வைத்தாள். மேடேறும் பஸ் மாதிரி திணறிக்கொண்டு அடித்தது. அது நடிப்பில்லை.

இனியும் ஒளிந்து விளையாடுவதில் அர்த்தமில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அங்கே எத்தனையோ டாக்டர்கள் இருப்பார்கள். இங்கே இவருக்கு வேறு யார்? ‘நான் போகலப்பா’ என்ற பதிலைத் தொண்டை வரை கொண்டுவந்து தயாராக வைத்துக்கொண்டாள்.

“வேற ஏதாவது சொல்லணுமா?”

அப்பா டீச்சரைப் பார்த்தார். நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. டீச்சரோ ஸ்பூனைக் கையில் பிடித்தபடி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடிக்கவில்லை.

“பரவாயில்ல, தயங்காம சொல்லுங்க” என்றாள், கண் கலங்க.

அப்பா மீசையை ஒருமுறை தடவிவிட்டுக்கொண்டார்.

“நீ கிளம்புறதுக்கு முன்னாடி, எனக்கும் டீச்சருக்கும் கல்யாணம் பண்ணி வச்சிடும்மா.”