துணைக்கு வந்தவர்

கமலநாதன் தமக்கு வேண்டியதைத் தமக்கு வேண்டும் என்று கேட்டறியாதவர்.

தேநீர் வேண்டுமானால், இந்தக் குளிருக்குச் சிலர் தேநீர் குடிப்பதுண்டு என்பார். பசித்தால், சாப்பிட்டாயிற்றா என்று மனைவி மங்கையை விசாரிப்பார். காது மந்தமானபோது மருத்துவரிடம் சென்று, வயது போனவர்களுக்கு இப்படி வருமோ என்று பொதுப்படக் கேட்டுவிட்டு, மருந்தில்லாமல் வீடு திரும்பியவர்.

அந்த மங்கை சென்ற மாதம் நகரின் மறுகோடியில் வால்தம்ஸ்டோவிலுள்ள மகள் வீட்டுக்குப் போய்விட்டார். புறப்படும்போது வாசலில் நின்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"இந்த வீட்டில குடி நிண்டால்தான் நான் திரும்பி வருவன்."

கமலநாதன் இதனை ஆழ்ந்து ஆராய்ந்தார். அந்த வீட்டில் எல்லாரும் காணக் குடிப்பவர் ஒருவரே. சனிக்கிழமைதோறும் இரண்டு பியர் டின்களோடு வந்து, சோபாவில் சாய்ந்து, சிரிக்கச் சிரிக்கப் பேசிவிட்டுப் போகும் சவிரிமுத்து. மன்னார்க்காரர், ஞாயிறன்று தேவாலயத்துத் தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிப்பவர், நல்ல மனிதர். அவர் திருந்திவிட்டால் மங்கை திரும்பிவிடுவார்.

மங்கை இல்லாத வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல்கூடப் பெரிதாகக் கேட்டது. ஆகவே, சவிரிமுத்துவின் பொருட்டு, குடியை விட விரும்புவோர் கூடும் கூட்டம் ஒன்றைக் கமலநாதன் தேடலானார்.

நூலகக் கணினியில் தேடினார். யாரேனும் எட்டிப் பார்த்தால் காட்டுவதற்காக, வானிலை அறிக்கையையும் பக்கத்திலே திறந்து வைத்துக்கொண்டார். கண்டெடுத்த எண்ணுக்கு அழைத்தபோது, கூட்டம் உங்களுக்கா என்று ஒரு பெண் கேட்டாள். தமக்குத் தெரிந்த ஒருவருக்கு என்றார் இவர். நல்லது, அவரையும் அழைத்து வாருங்கள் என்றாள். அந்த 'அவரையும்' கமலநாதனுக்குப் பிடிக்கவில்லை.

வியாழன் மாலை. அவர்கள் குடியிருக்கும் டூட்டிங்கிலேயே, நடந்து போகும் தூரத்தில், ஒரு தேவாலய மண்டபம். துணைக்கும் ஆட்கள் வரலாம். இப்படியொரு கூட்டம் உண்டு, போவோமா என்று சவிரிமுத்துவிடம் கேட்டார்.

"ஓம் அண்ணை, வாறன்" என்று சவிரிமுத்து மறு பேச்சின்றிச் சப்பாத்தை மாட்டினார். நோய் முற்றியவர்களே இவ்வளவு எளிதில் இணங்குவார்கள் என்று கமலநாதன் மனத்துக்குள் வருந்தினார்.

மண்டபத்தில் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. கூட்டத்தை நடத்திய பருத்த வெள்ளைக்கார அம்மையார், வந்த இருவர் கையிலும் தேநீரைக் கொடுத்து இருத்தினார். ஒவ்வொருவராகப் பேசினர். முறை வந்ததும், சவிரிமுத்து பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி, தாம் துணைக்கு வந்தவர் என்றார்.

குடியோடு இப்போது பொய்யும் சேர்ந்துவிட்டதே என்று கமலநாதன் திடுக்கிட்டார். உடனே எழுந்தார். தாம் ஒரு நண்பரின் பொருட்டு வந்திருப்பதாக நல்ல ஆங்கிலத்தில் அறிவித்தார்.

வட்டம் முழுதும் கனிவோடு தலையசைத்தது.

எல்லாக் கண்களும் அவர்மீதே இருந்தன. சவிரிமுத்துவை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இது கமலநாதனுக்கு எரிச்சலை மூட்டியது. நண்பரின் நிலைமையை ஐயத்துக்கு இடமின்றி நிறுவிவிடுவது என்று முடிவு செய்தார்.

நண்பர் போத்தலை அரிசி வாளிக்குள் புதைத்து வைப்பவர் என்றார். வெறும் போத்தல்களை இருட்டியபின் எதிர்வீட்டுக் குப்பைத் தொட்டியில் போடுபவர். எதிர்வீட்டுக்காரரோ மதுவை முகர்ந்தும் பாராதவர். தேநீர்க் கோப்பையில் விஸ்கியை ஊற்றி, சுடுவதுபோல ஊதி ஊதிக் குடிப்பவர்.

இதற்குச் சிலர் சிரித்தனர். அனுபவப்பட்டவர்களின் சிரிப்பு அது.

கமலநாதன் உற்சாகம் கொண்டார். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையார் கோயிலுக்குப் புறப்படுமுன் நண்பர் வாய்நிறையக் கராம்பு சப்புவார் என்றார். ஐயர் திருநீறு கொடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். ஒரு நாள் அடக்கியது அதிகமாகி, சந்நிதியிலே தலைசுற்றி விழுந்துவிட்டார். பக்தி மேலிட்டுவிட்டது என்று சனங்கள் விசிறிவிட்டார்கள்.

சவிரிமுத்து அவருடைய கோட்டு நுனியை மெல்ல இழுத்தார்.

"அண்ணை, பிள்ளையார் கோயிலுக்கு நான் ஏன் போறன்? நான் மாதா கோயிலுக்குப் போற வேதக்காரன் எல்லே."

கமலநாதனுக்குச் சொல்வதற்கு இன்னும் நிறைய இருந்தது. ஆனால் உட்கார்ந்துவிட்டார். ஆறி நெடுநேரமான தேநீரை எடுத்து, ஊதி ஊதிக் குடித்தார்.

அம்மையார் பிஸ்கட் தட்டை அவர் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, அடுத்தவரைப் பேச அழைத்தார்.

கூட்டம் கலைந்து வெளியே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. சவிரிமுத்து குடையை விரித்து, முக்கால் பங்கை அண்ணையின் தலைக்குமேல் பிடித்தார்.

"அப்ப, வாற வியாழன் ஆர் வாறது, அண்ணை?"

கமலநாதன் எதிரே வந்த பேருந்து ஒன்றைப் போகவிட்டார்.

"நான் வாறன்" என்றார்.