இடது கை வளையல்

"வலி எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டாள் கீர்த்திகா.

"இன்னும் இருக்கும்மா" என்றேன்.

பச்சைப் பொய். வலி ஆடி மாதமே போய்விட்டது. இப்போது கார்த்திகை.

கீர்த்திகா பிசியோதெரபிஸ்ட். சாத்தூரில் இந்த மாடி அறைக்கு யார் வந்தாலும், எந்த வயசானாலும், அவளிடம் ஒரு பயிற்சி தயாராக இருக்கும். எண்ணெய்க்கடை சீனிவாசகம் ஐயா கப்பிக் கயிற்றை இழுத்துக்கொண்டே தன் தோள்பட்டையைத் திட்டுவார். கம்பியைப் பிடித்து நடை பழகும் ஒரு வாண்டு, அவர் திட்டுக்கெல்லாம் சிரிக்கும். இப்போது அவர் கை தலைக்கு மேலே போகிறது. வாண்டு கம்பியை விட்டுவிட்டு நாலு எட்டு வைக்கிறது.

எனக்குக் கொடுத்தது கண்ணாடி.

வெடி ஆலை விபத்தில் என் இடது கை மணிக்கட்டோடு போனது. கை போயும் அதன் வலி போகவில்லை. இல்லாத விரல்கள் இறுக மூடிக்கொள்ளும். இல்லாத நகங்கள் இல்லாத உள்ளங்கையில் குத்தும். வெளியே சொன்னால் கிறுக்கு என்பார்கள்.

கீர்த்திகா அப்படிச் சொல்லவில்லை. மேசை நடுவே கண்ணாடியை நிறுத்தினாள். மீதிக் கையை அதற்குப் பின்னால் மறைத்தாள். வலது கையை முன்னால் வைத்து மெதுவாக விரிக்கச் சொன்னாள்.

கண்ணாடிக்குள் என் இடது கை விரிந்தது.

நான் அன்று அழுத அழுகையில் சீனிவாசகம் ஐயா கயிற்றை விட்டுவிட்டார்.

அது லேசுப்பட்ட கையா? நான் இடது கைக்காரி. பள்ளிக்கூடத்தில் பீச்சாங்கை என்று கேலி செய்வார்கள். கோலம் போட்டது, திரி வெட்டியது, பஸ்ஸில் உரசியவனை அறைந்தது எல்லாம் அந்தக் கைதான். வலது கை சும்மா துணைக்கு வந்தது.

அந்தக் கையைத் தங்கப்பாண்டியன் இந்தக் கண்ணாடியில் ஒரு தடவை பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு பொய்யும். வலி போய்விட்டது என்று சொன்னால், இனி வர வேண்டாம் என்று கீர்த்திகா சொல்லிவிடுவாள்.

வீட்டில் இல்லாத கண்ணாடியா என்று கேட்கலாம். எனக்கு நாள் தள்ளிப்போனதுமே மாமியார் அதைப் பரணில் ஏற்றிவிட்டார். பிள்ளைத்தாய்ச்சி ஊனக் கையோடு கண்ணாடி முன்னால் உட்காரக் கூடாதாம். இந்தச் சட்டமெல்லாம் அவருக்கு எங்கிருந்துதான் வருமோ.

தங்கப்பாண்டியன் என் வீட்டுக்காரர். சிவகாசியில் ஒரு பட்டாசு கம்பெனியில் லோடு ஏற்றுகிறார். தீபாவளி சீசன் முடியும்வரை அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. முடிந்த பிறகும் இந்த மாடிப்படி வரைதான் வருவார். "நான் கீழ டீ குடிக்கேன்" என்று நழுவிவிடுவார். போன கையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். பேசினால் எனக்கு வலிக்கும் என்று அவருக்கு நினைப்பு. பேசாமல் இருப்பதுதான் எனக்கு வலித்தது.

நேற்று வளைகாப்பு. வந்த பெண்களெல்லாம் விவரமாக என் வலது கைக்கே வளையல் போட்டார்கள். பத்திரகாளி அத்தை எத்தனையோ பிள்ளைத்தாய்ச்சிகளுக்குப் போட்டவர். பழக்கதோஷத்தில் வலது கைக்கு ஒன்று போட்டுவிட்டு, அடுத்ததை எடுத்து, "அந்தக் கையக் குடு தாயி" என்றார்.

அத்தைக்கு முகம் செத்துவிட்டது. நான்தான் சிரித்துச் சமாளித்தேன்.

வாசலில் நின்ற இவர் உள்ளே வந்தார். அத்தை கையில் இருந்த வளையலை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

நாளைக்கு என்னை மல்லாங்கிணற்றுக்கு, அம்மா வீட்டுக்கு, அழைத்துப் போகிறார்கள். பிள்ளை பிறந்த பிறகு இங்கே எங்கே வருவது? இன்றைக்கு விட்டால் இல்லை.

அதனால் மாடிப்படியில் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கீர்த்திகா கண்ணாடியை நிறுத்தினாள். நான் வலது கையை முன்னால் வைத்தேன்.

"இங்கன வாங்க. என் தோளுக்கு மேல குனிஞ்சு பாருங்க."

குனிந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை. இரண்டிலும் முழங்கை வரை வளையல். நான் கையை ஆட்டினேன். இரண்டும் ஆடின. வயிற்றில் பிள்ளை ஒரு உதை விட்டது.

இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மூச்சு என் காதில் பட்டது. பிறகு, கண்ணாடிக்குள் கட்டைவிரலுக்குக் கீழே தெரிந்த மச்சத்தைக் காட்டி, மெதுவாகக் கேட்டார்.

"அந்தக் கையிலயும் இப்படி மச்சம் இருந்துச்சா புள்ள?"

"இல்லங்க. மத்ததெல்லாம் இப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அவருக்கு எப்படித் தெரியும்? அவர் என்னைப் பெண் பார்க்க வந்தபோதே அந்தப் பக்கம் வெறும் சேலைத் தலைப்புதான். காபியை வலது கையால்தான் நீட்டினேன். என் இடது கையை அவர் பார்ப்பது இன்றுதான்.

சட்டைப் பையிலிருந்து நேற்றைய வளையலை எடுத்தார். நான் விரல்களைக் குவித்துக் கொடுத்தேன். வலது கையில்தான் போட்டார். ஆனால் அவர் கண் கண்ணாடியை விட்டு நகரவில்லை. என் கண்ணும்தான்.

அங்கே அது என் இடது கையில் ஏறியது.

அவர் நெஞ்சுச் சூடு அந்த வளையலில் இன்னும் இருந்தது. அந்தச் சூடு என் இடது மணிக்கட்டில் தெரிந்தது.