கார்டுகளை வெட்டும் மதியம்

லேத் பட்டறை படுத்ததிலிருந்து அரியமங்கலத்தில் லூர்துவின் குடும்பம் கிரெடிட் கார்டில்தான் ஓடுகிறது. இன்று மூன்று கார்டுகளையும் அவன் மேசைமேல் வைக்கிறான். ஜன்னல் வெயிலில் அவை பளபளக்கின்றன. கைப்பேசி அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்புக்கு நகர்கிறது, வசூல்காரர்கள்தான். அவனும் மனைவி ஃபெமினாவும் அதைத் தொடவில்லை. "மணப்பாறை மனையை வித்து அடைச்சிடலாங்க. இனிமே கார்டே வேணாம்" என்று கத்தரிக்கோலை எடுக்கிறாள். மூன்றும் நறுக் நறுக்கென்று துண்டாகின்றன. "அவ்வளவுதானே?" என்கிறாள். லூர்து தலை நிமிராமல் சட்டைப்பையிலிருந்து இன்னொன்றை எடுத்து நீட்டுகிறான். "நீ அன்னைக்குப் படிக்காம கையெழுத்து போட்டியே, அது இதுக்குத்தான். இதுலயும் கடன் இருக்கு." கார்டில் அவள் பெயர் மின்னுகிறது. அவள் அதையே பார்க்கிறாள். "புடவை மாத்திட்டு வரேன், பேங்க்குக்கே நேர்ல போயிடுவோம்" என்கிறாள் மெதுவாக. கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள்.