கொக்கு போட்ட தூண்டில்

"கொக்கை இன்னிக்கே தூக்கிடும்மா. கண்ணை மூடிக்கிட்டுத் தூக்கலாம்," என்றார் மேனேஜர்.

கொக்கு என்பது ஆன்லைன் மீன்பிடி விளையாட்டில் ஓர் ஆட்டக்காரரின் பெயர். ஆளுக்குப் பதிலாகத் தானே பட்டனை அழுத்தும் ஸ்கிரிப்ட் என்ற நிரலை வைத்துத் திருட்டு ஆட்டம் ஆடுகிறவர்களைக் கண்டுபிடித்து நீக்குவது அந்த விளையாட்டு நிறுவனத்தில் அவள் வேலை. கொக்கின் மேல் புகார் குவிந்திருந்தது. மதியமானால் வந்து உட்கார்ந்துவிடுகிறதாம்; அப்புறம் மற்றவர்களுக்கு ஆற்றில் ஒரு குஞ்சு மீன்கூட மிஞ்சுவதில்லையாம்.

அவள் திரையைப் பார்த்தாள். பனி போர்த்திய நீல ஆறு. கரையில் அசையாமல் கொக்கு. தூண்டில் விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. மனித விரல் என்றால் அவசரப்படும், சலித்துக்கொள்ளும், நடுவில் மூக்கைச் சொறியப் போகும். இது எதுவும் செய்யவில்லை. அதற்காக இயந்திரம்போல டக்டக்கென்றும் இல்லை. மெல்ல நீண்டு, மெல்லத் தளர்ந்து... பார்க்கப் பார்க்க அவள் இமை கனத்தது. நாற்காலி படகுபோல ஆடியது.

"என்னம்மா, மீன் மாட்டிச்சா, இல்ல நீ மாட்டிக்கிட்டியா?"

மேனேஜரின் குரல் அவளைக் கரையில் இழுத்துப் போட்டது. இப்போதெல்லாம் திருட்டு ஸ்கிரிப்ட் கொட்டாவிகூட விடும், ஏமாந்துவிடாதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீக்கும் முன் ஒருமுறை விளக்கம் கேட்க வேண்டும். வீடியோவில் அழைத்தாள். திரைச்சீலை மூடிய அறை. மல்லாந்து படுத்திருந்த ஓர் ஆளின் தாடை மட்டும் தெரிந்தது. பக்கத்தில் எங்கோ விளையாட்டின் ஆறு சலசலத்தது.

கணக்கை மூடிவிட வேண்டாம் என்று அவன் கிசுகிசுப்பாகக் கெஞ்சினான். பிடித்த மீனையெல்லாம் வேண்டுமானால் ஆற்றிலேயே திருப்பி விட்டுவிடுவானாம். ஆனால் அந்த ஆற்றுச் சத்தம் நின்றுபோனால் இந்த வீட்டில் ஒருத்தருக்கும் தூக்கம் கிடையாதாம்.

அவள் மசியவில்லை.

"இப்பக்கூடத் தூண்டில் விழுந்துக்கிட்டுதான் இருக்கு சார். பட்டனை நீங்களா அழுத்துறீங்க?"

"இல்லீங்க மேடம்."

"அப்போ ஸ்கிரிப்ட்தானே?" அவள் குரல் உயர்ந்தது.

அவன் பதறிப்போய் போனைத் தன் நெஞ்சுப்பக்கம் திருப்பினான். அங்கே ஒரு கைக்குழந்தை, தூக்கத்திலும் பட்டன் வைத்த விளையாட்டுக் கன்ட்ரோலரை விடாமல் கட்டிக்கொண்டு, குப்புறப் படுத்திருந்தது. அதன் மூச்சு ஏறி இறங்கும்போதெல்லாம் ஆற்றில் தூண்டில் விழுந்தது.

"மெதுவாப் பேசுங்க மேடம்," என்றான் அவன். "ஸ்கிரிப்ட் முழிச்சுக்கும்."