வசதிப்பட்டால் நிறுத்தலாமா?

டொராண்டோவில் கறுத்த பெண் குரலை உயர்த்தினால் அதற்குப் பெயர் மிரட்டல். வெள்ளைக்காரன் உயர்த்தினால் தலைமைப் பண்பு. அதனால்தான் வதனியைத் தொழிற்சாலைத் தலைவியாக்கிய அன்றே நிர்வாகம் அவள் கழுத்தில் குரலை மாற்றும் பட்டை ஒன்றை மாட்டியது. அவள் எப்படிக் கத்தினாலும் பட்டை அதைப் பணிவாக்கித்தான் வெளியே விடும். இன்று முதலாளிகள் பார்வையிட வந்திருந்தார்கள். நல்ல பெயர் எடுக்க வேண்டுமென்று பணிவின் அளவைக் காலையில் அவளே உச்சத்துக்குத் திருகியிருந்தாள்.

தகடு உருட்டும் இயந்திரம் தொழிலாளி நிரோஜனின் விரல்களைக் கவ்வி உள்ளே இழுத்தது.

"ஐயோ அக்கா! நிப்பாட்டச் சொல்லுங்கோ!"

கண்ணாடி அறைக்குள் இருந்து இயந்திரத்தை ஓட்டும் கீத்துக்கு, வதனி தன் மேசை ஒலிவாங்கியில் பேசுவது மட்டுந்தான் ஒலிபெருக்கி வழியாகக் கேட்கும். "நிறுத்து!" என்று அவள் ஆங்கிலத்தில் தொண்டை கிழியக் கத்தினாள்.

"கீத், உங்களுக்கு வசதிப்பட்டால் சற்று நிறுத்தலாமா?" என்றது பட்டை.

கீத் தலை நிமிராமலே கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். இந்தத் தகடு முடியட்டும் என்று அர்த்தம். நிரோஜனின் மணிக்கட்டு நொறுங்கியது.

வதனி மேசையில் கிடந்த கத்தியை எடுத்துப் பட்டைக்கு அடியில் செருகி இழுத்தாள். பட்டையோடு தோலும் அறுந்தது.

"நிப்பாட்டடா நாயே!"

கீத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவன் கை தானாகப் பொத்தானில் விழுந்தது. அதற்குள் நிரோஜனின் கை முழங்கைவரை உள்ளே போய்விட்டது.

முதலாளிகள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். அவர்களில் ஒருவர் காவலாளிகளைக் கூவி அழைத்தார்.

"முதலில் அந்தப் பெண்ணைப் பிடியுங்கள். அவள் கையில் கத்தி இருக்கிறது!"