தனியாகத் துவைக்க வேண்டிய சட்டை

தையற்காரர் அந்த வெள்ளைச் சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

எதிரே நெட்டையன் ஒருவன் எச்சில் விழுங்கிக்கொண்டு நின்றான். மூலையில் அவருடைய மகள், ஸ்விட்ச் போடாத இஸ்திரிப் பெட்டியால் எதையோ மும்முரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதத்துக்கு முன் பெண் கேட்டு வந்த அந்த நெட்டையனிடம் அவர் வேறு எதையும் விசாரிக்கவில்லை. அளவெடுத்து, இந்தச் சட்டையைத் தைத்துக் கையில் கொடுத்தார். இதைக் கெடுக்காமல் வைத்திருந்து காட்டினால் மேற்கொண்டு பேசலாம் என்றார்.

சும்மா சட்டை இல்லை. நீள இழைப் பருத்தி. ஒரு காலத்தில் அரண்மனையைத் தாண்டி வெளியே வராத துணி. போட்டால் போட்ட நினைப்பே இருக்காது. ஆனால் கொஞ்சம் செல்லம் அதிகம். பச்சைத் தண்ணீரில் தனியாக அலச வேண்டும். முறுக்கிப் பிழியக் கூடாது. நிழலில் உலர்த்தி, ஈரம் முழுக்கப் போவதற்குள் தேய்த்துவிட வேண்டும். அப்படிப் பார்த்துக்கொண்டால் துவைக்கத் துவைக்க மெத்துமெத்தென்று ஆகும்.

அந்தத் துணி அவருக்கு இரண்டு சட்டைக்குத்தான் கிடைத்தது. இன்னொரு துண்டை வெட்டாமல் பீரோவில் வைத்திருந்தார், மகள் கல்யாணத்துக்குத் தனக்குத் தைத்துப் போட்டுக்கொள்ள.

எங்காவது ஒரு கறை அகப்படாதா என்று தேடினார். ஒரே பெண். அவ்வளவு சுலபமாகத் தூக்கிக் கொடுத்துவிட முடியுமா?

கறை இல்லை. காலரில் அழுக்கில்லை. துணியை விரலால் நெருடிப் பார்த்தார்.

மொடமொடவென்று இருந்தது. இரண்டு மாதம் துவைத்த துணி இப்படி இருக்காது. இது அவர் தைத்த சட்டையே இல்லை.

ஆகா, மாட்டினான்!

வாயைத் திறக்கப் போனவரின் பார்வை பட்டன் துளையில் நின்றது.

கையால் நூல் சுற்றி ஓரம் கட்டிய துளை. தையல் அவர் கட்டுவதற்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அந்த வீட்டில் இடதுகைப் பழக்கம் ஒருத்திக்குத்தான் உண்டு.

அவளோ ஊசியைக் கண்டாலே காத தூரம் ஓடுபவள். ஸ்கூட்டர் எஞ்சினைப் பிரித்து மாட்டுவாள். பட்டன் அறுந்தால் ஊக்கு குத்திக்கொண்டு கிளம்பிவிடுவாள். தையல் கற்றுக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்து, திட்டிப் பார்த்து, அவரும் அந்த ஆசையைத் தலைமுழுகிவிட்டார்.

மேலே முதல் துளை கோணல்மாணல். அடுத்தது பரவாயில்லை. கடைசித் துளையில் குறை சொல்ல அவராலேயே முடியவில்லை.

அந்தக் கடைசித் துளையை விரலால் தடவினார். சிரிப்பு வந்தது.

அவர் விரல் துளையிலேயே நிற்பதைக் கண்டு நெட்டையன் முந்திக்கொண்டான்.

"மாமா, அது வந்து... பழைய சட்டையைச் சிவப்புத் துண்டோட ஊறப்போட்டுட்டேன். முழுசும் ரோஸாயிடுச்சு."

இஸ்திரிப் பெட்டி சட்டென்று நின்றது.

தையற்காரர் எழுந்து போய் பீரோவைத் திறந்தார். துணி சுற்றியிருந்த காகிதம் மட்டும் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. பீரோவை மூடிவிட்டு, கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துத் தன் மார்பைத் தானே அளந்துகொண்டார்.

"அந்த ரோஸ் சட்டையைக் கொண்டாங்க மாப்பிள்ளை, வெட்டிச் சின்னதாக்கணும். கல்யாணத்துக்குப் போட்டுக்க எனக்கு வேற துணி இல்ல."